மார்கழிக் குளிரும் தழைச்சத்தும்

மல்லாங்கிணறு என்றதும் யாருக்கும் நெல் நினைவுக்கு வருவதில்லை. கரிசல் மண், பருத்தி, சோளம், மல்லி, அப்பால் சிவகாசிப் பட்டாசும் தீப்பெட்டியும். நம் விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி வெளியூரார் அறிந்தவை இவைதாம். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 800 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்யும் பூமி இது. ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால், மடைக்குக் கீழே நிலமுள்ள சம்சாரி நெல்லைத்தான் நினைப்பார். வீட்டுக் குதிரில் ஆறு மாதச் சோற்றுக்கு நெல் கிடக்க வேண்டும் என்ற ஆசை கரிசல்காட்டானுக்கும் உண்டல்லவா!

கண்மாய் நெல்லுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. மழை முந்தினால் நடவு முந்தும்; மழை பிந்தினால் நடவும் பிந்தும். பிந்திய பயிர் தூர் கட்டி, சூல் கொண்டு, கதிர் தள்ளும் நாட்கள் மார்கழியிலும் தையிலும் வந்து விழுகின்றன. காலையில் புல்நுனியெல்லாம் பனி கோத்து நிற்கும் அந்த நாட்களில் பயிர் திடீரென்று வெளுக்கும். வயலைப் பார்த்த வீட்டுக்காரருக்கு மனம் கலங்கும். "பயிர் பசிக்குது" என்று சொல்லி, கடனுக்காவது ஒரு மூட்டை யூரியா வாங்கி வந்து வீசிவிடுவார். நான்கு நாளில் வயல் கருகருவென்று பச்சை பிடிக்கும். பிறகு அறுவடை நாளில் தூற்றும்போது சாவி பறக்கும். இது ஏன் என்பதே எங்கள் கட்டுரையின் பொருள்.

முதலில் தழைச்சத்தைப் பற்றிச் சிறிது பார்ப்போம். நைட்ரஜன் என்று நம் வேதியியல் நூல் கூறுவதையே உழவர்கள் தழைச்சத்து என்கின்றனர். பெயர் மிகப் பொருத்தமானது. தழையைத் தழைக்க வைப்பது அதுதான். இலையின் பச்சையத்திலும், உயிரணுக்களின் புரதத்திலும் அது உறுப்பாக நிற்கிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனே என்றாலும், அதை அப்படியே உண்ணும் ஆற்றல் நெல்லுக்கு இல்லை. 1909-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் என்பவர் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913-இல் ஒப்பாவ் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. அதே அம்மோனியா அடுத்து வந்த உலகப் போரில் வெடிமருந்துக்கும் பயன்பட்டது. நம் ஊர்க்காரருக்கு இதில் வியப்பிருக்காது. பட்டாசுக்குப் போகும் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்தானே! அதிலுள்ள நைட்ரஜனும் வயலில் வீசும் யூரியாவின் நைட்ரஜனும் ஒரே தனிமம்தான். யூரியாவுக்கு நாம் ஜெர்மனிக்கும் போக வேண்டாம். தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை 1975-இல் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது.

தழைச்சத்துக் கிடைத்த நெல் தூர் அதிகம் கட்டும், இலை அகலும், கதிரில் மணிகளுக்கான இடங்கள் கூடும். பசுமைப் புரட்சியின் நெல்லாகிய ஐ.ஆர். 8 ரகம் 1966-இல் வெளியானபோது அதன் பெருமையே இதுதான்: உரத்தை எவ்வளவு கொடுத்தாலும் குட்டையாக நின்று, சாயாமல், மணியாக மாற்றித் தந்தது. பழைய நெட்டை ரகங்கள் உரம் மிகுந்தால் மடிந்து விழும். அன்று தொடங்கியதுதான் "பச்சை கூடினால் மகசூல் கூடும்" என்ற நம்பிக்கை. முக்கால் பங்கு அது உண்மையே. மீதிக் கால் பங்கில்தான் குளிர் வந்து உட்காருகிறது.

நெல் வெப்ப நாட்டுப் பயிர். பகலில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் அதற்கு இதமானது. 20 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க அதன் வேலைகள் தளர்கின்றன. வேர் நீரையும் சத்தையும் மெதுவாக உறிஞ்சும். மண்ணிலுள்ள தொழு உரத்தையும் தழை உரத்தையும் சிதைத்து அம்மோனியமாக மாற்றித் தரும் நுண்ணுயிர்களும் சோம்பிவிடும். புது இலையில் பச்சையம் உருவாவது தடைப்படும். மார்கழி, தையில் நாற்று விடும் நவரைப் பட்டத்தில், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து நாற்றங்கால்கள் வெளிறிப்போய் வளராமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே மார்கழியில் காணும் வெளுப்பு எல்லாம் பசியால் வந்த வெளுப்பு அல்ல. சோறு இல்லாமல் சோர்ந்த பிள்ளையும் உண்டு. காய்ச்சலில் சோறு இறங்காமல் சோர்ந்த பிள்ளையும் உண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறிய, பயிரே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. தழைச்சத்து ஒரு செடிக்குள் இடம்விட்டு இடம் பெயரக் கூடியது. பற்றாக்குறை நேர்ந்தால், தாய் தன் வாய்ச் சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல், கீழே உள்ள முதிர்ந்த இலை தன் சத்தை மேலே உள்ள குருத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மஞ்சளாகும். எனவே பசியின் வெளுப்பு அடியிலையில் தொடங்கும். குளிரின் வெளுப்போ புதிதாக விரியும் இலையில் தெரியும். நான்கு நாள் நல்ல வெயில் அடித்தால் தானே தெளியும். அடியிலைகளில் துருப்போலப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது துத்தநாகக் குறை. அதற்கு யூரியா மருந்தே அல்ல, துத்தநாக சல்பேட்தான் மருந்து.

குளிரால் சோர்ந்த பயிருக்கு யூரியாவை வீசினால் என்ன ஆகும்? வேர் அப்போது முழுதாக உண்ணாது. வெயில் ஏறியதும் மண்ணில் கிடந்ததைச் சேர்த்து உறிஞ்சும். சூல் முற்றிக் கதிர் தள்ளும் நேரத்தில் பயிர் இலையை வளர்க்கத் தொடங்கிவிடும். பிந்திய தூர்கள் கிளம்பும். கதிர்கள் ஒன்றாக வராமல் முன்னும் பின்னுமாக வரும். அறுவடையன்று ஒரு கதிர் பழுத்தும் ஒரு கதிர் பாலாகவும் நிற்கும்.

இவையெல்லாம் சிறு நட்டங்களே. குளிர் நெல்லைக் கொல்வது வேறோரிடத்தில். அதைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானியர்.

ஜப்பானின் வடபகுதியில் தோஹொகு, ஹொக்கைடோ என்ற நிலப்பகுதிகள் உள்ளன. ஓகோட்ஸ்க் கடலிலிருந்து கோடையிலும் சில ஆண்டுகளில் குளிர்ந்த கீழைக்காற்று அங்கே வீசும். "யாமசே" என்று அதற்குப் பெயர். அது வந்த ஆண்டில் பயிர் பச்சையாக நிற்கும், கதிரும் தள்ளும், ஆனால் கதிர் தலை குனியாது. கம்பு போல் நிமிர்ந்தே நிற்கும். உள்ளே மணி இல்லையென்றால் எதன் கனத்தில் குனியும்? பழைய நாட்களில் இதனால் பெரும் பஞ்சங்கள் நேர்ந்தன. இவாதே மாநிலத்து ஹனமாகி ஊரில் கென்ஜி மியாசாவா என்னும் கவிஞர் வாழ்ந்தார். 1921 முதல் 1926 வரை வேளாண் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அந்த வேலையையும் விட்டுவிட்டு, உழவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வயலுக்கு எந்த உரம் எவ்வளவு இடலாம் என்று காசு வாங்காமல் கணக்கிட்டுக் கொடுத்தார். 1933-இல் 37 வயதில் மறைந்தார். கவிஞர் ஒருவர் உரக்கணக்குப் போட்டார் என்பது நம் தமிழாசிரியைக்கும் அறிவியல் ஆசிரியைக்கும் ஒருசேர மகிழ்ச்சி தரும் செய்தி என்று நினைக்கிறோம்!

பயிரின் எந்த நாளில் குளிர் உள்ளே புகுகிறது என்ற கேள்விக்கு விடை 1970-இல் கிடைத்தது. ஹொக்கைடோவில் சடாகே, ஹயசே என்னும் இரு அறிஞர்கள் நெற்செடிகளை ஒவ்வொரு பருவத்திலும் சில நாட்கள் குளிரறையில் வைத்து எடுத்துப் பார்த்தனர். பூப்பதற்கு முன், கதிர் இன்னும் இலையுறைக்குள் ஒளிந்திருக்கும் காலத்தில், கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போதுதான் நெல் மிகவும் நொய்மையாக இருக்கிறது என்று தெரிந்தது. அந்நாட்களில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு நெற்பூவிலும் ஆறு மகரந்தப்பைகள் உள்ளன. அவற்றுக்குள் தாயணு பிரிந்து நான்கு நான்காக நுண்வித்துகள் தோன்றுகின்றன. அவையே பின்னர் மகரந்தத்தூள் ஆகின்றன. அந்தப் பச்சிளம் நுண்வித்துகளைச் சுற்றி டபீட்டம் என்ற ஊட்டும் அடுக்கு இருக்கிறது. குளிர் பட்டால் இந்த அடுக்கு தாறுமாறாக வீங்கி, தன் கடமையை மறந்துவிடுகிறது. பாலூட்ட ஆளில்லாத குழந்தைகளைப்போல் மகரந்தம் சூம்பிப்போகிறது. பெண்ணுறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்தூள்தான் செத்துவிட்டது. பூ குறித்தபடி திறக்கும், மூடும். மணி மட்டும் பிடிக்காது.

குளிர் தாங்காத ரகங்களுக்கு 17 முதல் 19 டிகிரியும், தாங்கும் ரகங்களுக்கு 15 முதல் 17 டிகிரியும் அபாய எல்லைகள் என்று கணக்கிட்டுள்ளனர். கடுங்குளிர் மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்தாலே போதும்.

இந்தக் காலத்தை வயலில் நின்றபடியே அறியலாம். நெல்லின் இலைத்தாளும் இலையுறையும் சேருமிடத்தில் இரண்டு சிறு கொக்கிகள் தண்டைத் தழுவி நிற்கும். அவற்றுக்கு இலைக்காது என்று பெயர். நெற்பயிர்க்குள் கலந்து நிற்கும் களைப்புல்லில் இந்தக் காது கிடையாது. களை பறிக்கும் பெண்கள் நூல் படிக்காமலே அறிந்த உண்மை இது. கடைசியாக வரும் கண்ணாடி இலையின் காதும், அதற்கு முந்திய இலையின் காதும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வரும் நாட்களே அந்த நொய்மையான நாட்கள். அப்போது ஒரு தூரைப் பிடுங்கி நெடுக்கில் கீறினால், வெண்பட்டு நூல்போன்ற இளங்கதிர் உள்ளே படுத்திருப்பதைக் காணலாம்.

இனித் தழைச்சத்தை இதனுடன் சேர்த்துப் பார்ப்போம். தழைச்சத்து மிகுதியாக உண்ட பயிரும் அளவாக உண்ட பயிரும் ஒரே குளிரில் நின்றால், மிகுதியாக உண்டதில்தான் பதர் அதிகம். இது ஜப்பானிலும், நெல் விளையும் ஆஸ்திரேலியத் தென்கிழக்கிலும் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. உரம் மிகுந்தால் தூரும் பூக்களும் பெருகுகின்றன. ஆனால் ஒவ்வொரு மகரந்தப்பைக்கும் கிட்டும் பங்கு குறைகிறது. நன்கு திரண்ட மகரந்தம் குறைவாகவே உண்டாகிறது. சாதாரண ஆண்டில் அந்தக் குறைவு தெரியாது. எவ்வளவோ தூள் உபரியாக இருக்கிறது. குளிர் வந்து பாதியைக் கொன்றபின்தான் உபரி இல்லாதது தெரியவரும். பெருத்த குடும்பத்தில் பஞ்ச காலத்தில் என்ன நேரும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறியாததா?

தென் கொரியா இதற்குப் பெரிய விலை கொடுத்தது. ஐ.ஆர். 8-இன் வழியில் பிறந்த "டோங்கில்" ரகங்களை அந்நாடு 1970-களில் நாடெங்கும் பரப்பி, உரமிட்டு, அரிசியில் தன்னிறைவு கண்டது. வெப்ப நாட்டு இரத்தம் ஓடும் ரகங்கள் அவை. 1980-இன் கோடை குளிர்ந்தது. விளைச்சல் முந்திய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு போல் விழுந்தது. ஜப்பானிலும் 1993-இல் இப்படி ஒரு கோடை வந்தது. சராசரி விளைச்சலை 100 என்று வைத்தால் அவ்வாண்டு விளைந்தது 74. பிற நாட்டு அரிசியை உள்ளே விடாத ஜப்பான், தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளிலிருந்து 25 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி செய்ய நேர்ந்தது. அதற்குப் பிறகு மியாகி மாநிலத்தில் பேர்பெற்ற சுவையான "சசனிஷிகி" நெல்லைக் கைவிட்டு, குளிர் தாங்கும் "ஹிதோமெபொரே" நெல்லுக்கு உழவர்கள் மாறினர்.

குளிருக்கு அவர்கள் கண்ட இன்னொரு மருந்து தண்ணீர். இரவில் காற்று குளிரும் வேகத்தில் நீர் குளிர்வதில்லை. அந்த நொய்மையான நாட்களில் இளங்கதிர் இலையுறைக்குள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கிறது. எனவே 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டினால், கதிர் கம்பளிக்குள் படுத்ததுபோல் படுத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் ரிவரினாப் பகுதியில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீர் கட்டுகின்றனர். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் கண்மாயில் கிடப்பதை முறைவைத்துப் பங்கிட்டுப் பாய்ச்சும் நம் ஊரில் அரை அடித் தண்ணீருக்கு எங்கே போவது?

நல்லவேளையாக அந்த அளவு குளிர் நமக்கு வருவதும் அரிது. தையில் மதுரைச் சமவெளியின் இரவு வெப்பம் சராசரியாக 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. 17-க்குக் கீழான குளிரைத் தமிழ்நாட்டு நெல்லில் காண வேண்டுமானால் மலையேற வேண்டும். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே பள்ளத்தாக்கு வயல்களில் நெல் விளைகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அங்கே வீரிய ஒட்டு நெல் மதிப்பீட்டு நிலையம் ஒன்றை அமைத்தது. இதில் ஒரு விந்தை. வெப்பத்தில் மகரந்தம் மலடாகி, குளிரில் மட்டும் மகரந்தம் உயிர்பெறும் சில நெல் வழிகள் உள்ளன. அவற்றின் விதையைப் பெருக்க இந்த மலைக்குளிர் உதவுகிறது. ஹொக்கைடோவில் மகரந்தத்தைக் கொன்ற குளிர், கூடலூரில் மகரந்தத்துக்கு மருத்துவச்சி!

அப்படியானால் நம் சமவெளியில் மார்கழியில் உரம் வீசினால் சாவி ஏன்? விடை குலைநோய். நம் நாட்டில் குளிரும் தழைச்சத்தும் கைகோத்துச் செய்யும் கேடு இதுவே.

குலைநோய் ஒரு பூசணத்தால் வருகிறது. அதன் வித்துகள் காற்றில் மிதந்து வந்து இலைமேல் விழுகின்றன. முளைப்பதற்கு அவற்றுக்கு வேண்டியவை இரண்டே: 20 டிகிரி அளவிலான இதமான குளிரும், இரவெல்லாம் இலைமேல் காயாமல் நிற்கும் ஈரமும். மார்கழிப் பனி இரண்டையும் தட்டில் வைத்துத் தருகிறது. முளைத்த பூசணம் இலைத்தோலைத் துளைத்து உள்ளே போக வேண்டும். நெல்லிலைக்கு இயற்கையே ஒரு கவசம் தந்திருக்கிறது. மண்ணிலிருந்து எடுத்த சிலிக்காவைத் தோலில் அடுக்கி வைத்திருக்கிறது. நெல் அரிவோர் கையைக் கீறுவது இந்தச் சிலிக்காதான். தழைச்சத்து மிகுந்தால் இலை சரசரவென்று வளர்ந்து, தோல் மெலிந்து, சிலிக்கா குறைந்து போகிறது. உள்ளே பூசணத்துக்குப் பிடித்த கரையும் சத்துகளும் நிறைந்திருக்கின்றன. கதவும் திறந்து, பந்தியும் போட்டாயிற்று!

இலையில் முதலில் கண்வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. இதோடு நின்றால் பிழைக்கலாம். கதிரின் கழுத்தில் தாக்கினால் கழுத்து கறுத்து, நீரும் சத்தும் மேலே ஏறாமல், கதிர் ஒடிந்து தொங்கும். பால்பிடிக்கும் முன் தாக்கினால் கதிர் முழுவதும் சாவி. தஞ்சை டெல்டாவில் 1919-இல் இந்நோய் பெருங்கொள்ளையாகப் பரவியது. அதன் பிறகே இந்தியாவில் இது பெரிதாகக் கவனிக்கப்பட்டது. கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் கோ 4 என்ற நெல் இந்நோயைத் தாங்குவதாகக் கண்டு, தஞ்சைப் பகுதியின் ஆடுதுறை 10 நெல்லோடு அதை இணைத்து கோ 25 ரகத்தை உண்டாக்கினர்.

பழைய உழவர் நாற்றங்காலில் உமிச்சாம்பல் தூவியதும் பொருளற்ற பழக்கமல்ல. உமியில் சிலிக்கா நிறைந்துள்ளது. ஜப்பானில் 1955 முதல் சிலிக்கா கலந்த இரும்பாலைக் கசடை உரமாகவே ஏற்றுள்ளனர். விதைக்கும்போது கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்வதையும் வேளாண் பல்கலைக்கழகம் கூறுகிறது; செலவு குறைந்த காப்பு இது.

உரக்கணக்குக்கு வருவோம். மண் பரிசோதனை செய்யாதபோது, மத்திய கால, நீண்ட கால நடவு நெல்லுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று சொல்லப்படுகிறது. ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 2018 முதல் மூட்டை 45 கிலோ. ஆகவே ஒரு மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. மூன்று மூட்டை போட்டால் கணக்கு முடிந்தது. அதையும் ஒரே நாளில் அல்ல, அடியுரமாக, தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் தள்ளும்போது என்று நான்காகப் பிரித்து இட வேண்டும். ஒரு தடவைக்கு முக்கால் மூட்டை. மார்கழியில் வெளுத்ததைப் பார்த்து வீசும் முழு மூட்டை, இந்தக் கணக்கில் எங்கும் இல்லாத நாலாவது மூட்டை. இலையில் கண்புள்ளி தெரிந்தால், கணக்கில் உள்ள உரத்தையும் நிறுத்திவைக்க வேண்டும்.

பயிருக்குப் பசிதானா என்று அறிய இலை வண்ண அட்டை இருக்கிறது. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் இதைப் பரப்பியது. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட சிறு அட்டை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த சிறுமி இதைக் கையாளலாம். நட்ட 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை, வாரம் ஒருமுறை காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே வயலில் இறங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துச் செடிகளில், முழுதாக விரிந்த மேலிலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இலைமேல் வெயில் படாமல் பார்ப்பவர் தம் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று அண்ணன், அடுத்த வாரம் தங்கை என்று ஆள் மாறக் கூடாது. கண்ணுக்குக் கண் நிறம் வேறுபடும். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு எண் 4. பத்தில் ஆறு இலைகளாவது அந்த எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால்தான் உரம். இல்லையென்றால் மூட்டையைப் பிரிக்க வேண்டாம். அடுத்த வாரம் மறுபடியும் அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.